மூன்று மாதம் என்று நான் சொன்னேன்

உங்கள் கையில் இப்போது லேசர் இருக்கிறது. தோலைக் குளிரவைத்துக்கொண்டே வேலை செய்யும் முனை இருக்கிறது, அளவைக் காட்டும் திரை இருக்கிறது, கண்ணுக்கு மாட்டக் கண்ணாடி இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சில வருடங்கள் நானும் அதைப் பிடித்தவள்தான். நல்ல கருவி. கிழவி வந்து அந்தக் காலம் மாதிரி வருமா என்று புலம்பப் போகிறாள் என நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் என் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

முடி அகற்ற வருகிறவர்கள் எதை எதிர்பார்க்கலாம் என்று புதியவர்களுக்குச் சொல்லுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டுக்கொண்டார். தோல் சிவக்கும், லேசாக வீங்கும், ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி சுருக்கென்று இருக்கும். வெயிலில் அலையக் கூடாது. இடையில் மழிக்கலாம், பிடுங்கக் கூடாது. நம்மைப் போல் கறுத்த தோலுக்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும். முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை, அதனால் ஒரே தடவையில் போவதும் இல்லை. இதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது, என்னைவிட அழகாக ஒப்பிப்பீர்கள்.

ஆனால் வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான், எத்தனை தடவை வந்தால் போகும் என்பது. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பதில் சொன்னேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அழகு நிலையம் இருந்தது. கீழே துணிக்கடை. முதலாளி ஒரு சீனப் பெண்மணி, நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சிங்கப்பூரில் போய் ஊசி வைத்தியம் கற்று வந்தவர். முடி முளைக்கும் துளைக்குள் முடியைவிட மெல்லிய ஊசியை இறக்கி, காலால் மிதியை ஒருமுறை அழுத்தினால் நொடி நேரம் மின்சாரம் பாயும். வேர் வெந்துவிட்டால் முடி தானாகக் கையோடு வரும், இழுக்கவே வேண்டாம். ஒரு முடி, பிறகு அடுத்த முடி, அப்படியே போகும். ஒரு தாடையை முடிக்க ஒரு வருடமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும்.

யார் முகத்திலும் ஊசி வைக்க விடும் முன் இரண்டு மாதம் என் காலிலேயே பழகவைத்தார். கணுக்கால் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிவந்து கிடக்கும், நான் காலுறை போட்டுக்கொண்டு பூசைக்குப் போவேன். வேலையைவிடக் கண்டிப்பாக அவர் சொல்லிக்கொடுத்தது மூன்று விஷயங்கள். யாருக்கும் கணக்குச் சொல்லாதே, இத்தனை தடவை, இத்தனை மாதம் என்று வாயைத் திறக்காதே. முதல் நாள் தாடைக்கு அடியில் சின்ன இடத்தில் மட்டும் செய்து ஒரு வாரம் பொறுத்துப் பார். இதுவரை முகத்தில் என்னென்ன போட்டாய் என்று மூன்று தடவை கேள், முதல் இரண்டு தடவை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மூன்றும் மனப்பாடம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு மேடம் தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஹாங்காங் போனார். நான்கு மாதத்துக்குக் கடை என் பொறுப்பு. சாவிக்கொத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு படியேறுவேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பாக வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் தனலட்சுமி வந்தாள். தனம் என்று கூப்பிடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாயையும் தாடையையும் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண், ஜெலாப்பாங்கில் ஒரு தையல் கிலாங்கில், தொழிற்சாலையில் வேலை. கூடத் தங்கியிருந்த ஆறு பெண்களும் எழுவதற்கு முன் எழுந்து, குளியலறையில் விளக்குப் போடாமல், கையால் தடவிப் பார்த்தே சவரம் செய்துகொண்டிருந்தாள். நான்கு வருடமாக இது அவள் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கைக்குட்டையை எடுத்தபோது தாடை முழுக்க முள்முள்ளாகக் கறுப்பு, நடுவில் பழுப்பாக இரண்டு திட்டு.

தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நலுங்கு வைக்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் வரிசையாக வந்து கன்னத்தில், தாடையில் மஞ்சள் பூசுவார்கள். பத்துப் பேர் கையிலும் தாடி குத்தினால் என் கதி என்ன என்று கேட்டுவிட்டு அழுதாள்.

"அதுக்குள்ள போயிருமாக்கா?"

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சீனப் பெண்கள், மீதி பள்ளிக்கூட ஆசிரியைகள், பெரிய இடத்துப் பெண்கள். நான் ஆயர் தாவார் பக்கத்தில் லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பாலை எடை போட்டவர். என்னை மாதிரி ஒரு தோட்டத்துப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"மூணு மாசம் இருக்குல்ல. வாராவாரம் வந்தா போயிரும்லா. கவலப்படாத."

சோதனை செய்து பார்க்க ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம் என்று அன்றே முழுத் தாடையிலும் ஆரம்பித்தேன். முகத்தில் என்ன போட்டாய் என்று ஒரே ஒருமுறை கேட்டேன். மஞ்சள்தான் என்றாள். பழுப்புத் திட்டு பிடுங்கிப் பிடுங்கி வந்ததாக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். மேடம் சொன்ன மூன்றும் அரை மணி நேரத்தில் போயிற்று.

ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதில்லை, ஒருமுறை முனகியதில்லை. நான் எடுத்த முடி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்த வேர்கள் பக்கத்திலேயே புதிதாக முளைத்து நிற்கும். ஐந்தாவது வாரம் பார்த்தால் முதல் வாரம் மாதிரியே இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, இது தைக்குள் முடியாது என்று. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் குறையும் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு மேல் குனிந்தபோது பவுடர் வாசனைக்கு அடியில் ஒரு வாடை வந்தது. மூக்கைச் சுருக்கென்று குத்தும் புளித்த வாடை. எனக்குத் தெரிந்த வாடைதான். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் ஸ்டோர் வாசலில் வந்து மோதும். ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றும் ஆசிட்.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். நான் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் என்னைத் தோட்டத்து வாடை அடிக்கிறது என்று சொல்லித் தள்ளி உட்காரவைத்திருக்கிறார்கள். அதே வார்த்தையை இன்னொரு தோட்டத்துப் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வது? அவள் மனம் புண்படக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கிற பெண்ணின் முகத்தில் அந்த வாடை எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது வந்தாள். கைக்குட்டையை எடுத்தாள். தாடை நடுவில் தோல் உரிந்து, நீர் கோத்து, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. ஊசியால் அப்படி ஆகாது. என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, வெயில் என்றாள். மறுபடி கேட்டேன், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

"நீங்க எடுத்துருங்கக்கா. இன்னும் மூணு வாரந்தான். வலிச்சாலும் சத்தம் போட மாட்டேன்."

கால் மிதியின் மேல்தான் இருந்தது. சுற்றியிருக்கிற இடத்தில் மட்டும் செய்யலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு காலை எடுத்துவிட்டு, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, மூன்றாவது தடவை கேட்டேன். கைப்பையைத் திறந்து ஒரு இருமல் மருந்துப் புட்டியை எடுத்துத் தட்டில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவள் அம்மா தோட்டத்து ஸ்டோரில் உறைந்த பாலை ரப்பர் ஷீட்டாக அடிக்கிறவர். ஆசிட்டை அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முடி வேரோடு கருகிப் போகும் என்று ஆரம்பத்தில் எப்போதாவது தொட்டு வைத்திருக்கிறாள். முதல் நாள் நான் பார்த்த பழுப்புத் திட்டு அதுதான். என்னிடம் வர ஆரம்பித்த பிறகு கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தாள். ஐந்து வாரம் ஆகியும் குறையவில்லை என்றதும் மறுபடி ஆரம்பித்தாள். என் ஊசி பட்ட இடத்திலேயே, பஞ்சில் தொட்டு, தினமும்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் மருந்து கொடுத்தார். ஆறு வாரத்துக்கு மஞ்சள் கூடாது, பவுடர் கூடாது, சவரக்கத்தி படக் கூடாது என்றார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அவளைக் கேட்டார். இரண்டு வருடமாக ஒழுங்கில்லை என்றாள். முடிக்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும் என்றார். அது நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. உங்கள் படிவத்தில் இன்று அச்சடித்தே இருக்கிறது, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அந்த வாரக் கடைசியில் பஸ் பிடித்து அவள் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவிடம் நேரில் சொல்லி அந்த ஆசிட்டை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. உள்ளுக்குள் கோபமும் இருந்தது. பெற்ற பிள்ளை முகத்தில் யாராவது ஆசிட் வைப்பார்களா என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். ஸ்டோருக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெடித்து வெளுத்துப்போன கை. நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். சண்டைக்கு வரவில்லை.

"தண்ணி கலந்துதாம்மா குடுத்தேன். என் கையில தெனம் படுது, சும்மா எரியும், அவ்வளவுதான். நீங்கதான மூணு மாசம்னு சொன்னீங்களாம். நாளு பத்தலயே, நம்மளும் கொஞ்சம் கை குடுப்போம்னு குடுத்துவுட்டேன்."

அந்த அம்மா என்மேல் குற்றம் சொல்லவில்லை. நான் சொன்ன சொல்லை உண்மையாக்க அம்மாவும் மகளுமாகப் பாடுபட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊசி போடுகிற அக்கா பொய் சொல்வாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நலுங்கு. அலங்காரம் செய்ய என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், புண் காய்ந்து கறுத்துப் பக்குக் கட்டியிருந்தது. மூன்று வாரமாகக் கத்தி படாததால் அதைச் சுற்றி முடி நன்றாகவே வளர்ந்திருந்தது. அம்மா அறைக்கதவைச் சாத்திவிட்டு, கனமாகப் பூசி மறைத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியும். என் பெட்டியில் அதற்கான சாமான் இருந்தது, பூசத் தெரிந்த கையும் இருந்தது. தனம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்குக்கு மேல் பூசினால் புண் மறுபடி வாய் திறக்கும், தழும்பு முகத்தோடு நின்றுவிடும் என்றேன். பெட்டியை மூடினேன்.

வெளியே சாமியானாப் பந்தலில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு வந்தார். உயரமான பெண்மணி, அதிகம் பேசாதவர். கையை முகத்துக்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வரிசையில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி இன்னொருத்தி காதில் ஏதோ சொன்னாள்.

தனத்தின் அம்மா முன்னால் வந்தார். "நாந்தான் ஆசிட்டு குடுத்தேன், சம்மந்தி. தப்பு என்னுது," என்றார். ஊசி வைத்ததைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்று மாதம் என்று ஒருத்தி சொன்னாள், இதோ நிற்கிறாள் என்று என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நான் நான்கடி தூரத்தில் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

திறந்தது தனம். தலையை நிமிர்த்தி, "அத்த, எனக்குத் தாடையில முடி வளரும். ரொம்ப நாளா. அத எடுக்கத்தான் இவ்வளவும்," என்றாள். கல்யாணம் நின்றுபோகலாம் என்று தெரிந்துதான் சொன்னாள். நான்கு வருடம் விளக்குப் போடாமல் காத்த ரகசியத்தை அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தப் புண்ணைப் பார்த்தார். பிறகு, இன்னும் எரிகிறதா என்று கேட்டார். இல்லை என்று தனம் தலையாட்டினாள். அவர் குனிந்து கையிலிருந்த மஞ்சளை அவள் பாதத்தில் பூசினார். "மொகம் ஆறட்டும், எல்லாரும் கால்ல வைங்க," என்று பின்னால் நின்றவர்களிடம் சொன்னார். மறுநாள் கல்யாணம் நடந்தது.

மேடம் மாசி கடைசியில் திரும்பி வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை, அலமாரியைத் திறந்து தனத்தின் அட்டையை எடுத்தார். தேதி, இடம், மின்சாரத்தின் அளவு, நிமிடம் என்று கட்டம் கட்டிய அட்டை. அடிக்கோலை வைத்து ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். அதன் தலையில் ‘சொன்னது’ என்று என்னைத் தமிழிலேயே எழுதச் சொன்னார். நாம் செய்ததை எல்லாம் எழுதுகிறோம், நாம் சொன்னதை யார் எழுதுவது என்று கேட்டார். முதல் நாளுக்கு நேரே மூன்று மாதத்தில் போய்விடும் என்று என் கையாலேயே எழுதினேன். ஐந்தாவது வாரத்துக்கு நேரே அடுத்த வாரம் குறையும் என்று எழுதினேன். ஊசியை ஆழமாக இறக்கிவிட்டால் மறுநாள் தோலில் தெரிந்துவிடும். சொன்ன சொல் எங்கே போய் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை. அன்றிலிருந்து எங்கள் கடையில் எல்லா அட்டையிலும் அந்தக் கட்டம் இருந்தது.

உங்கள் முன்மேசையில் ஆறு தடவைத் திட்டம், எட்டுத் தடவைத் திட்டம் என்று பளபளவென்று அட்டை வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், வியாபாரம் நடக்க வேண்டும். ஆனால் ஆறு என்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பெண், ஆறாவது தடவையும் முடி முளைத்தால் என்ன செய்வாள் என்று யோசித்துவிட்டு அதை நீட்டுங்கள். ஆசிட் இல்லாவிட்டால் அவளுக்கு இன்று இணையத்தில் வேறொன்று கிடைக்கும்.

கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு, மத்தியானம், படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. தனம் வந்தாள். கைக்குட்டை இல்லை. தாடையில் ஐந்து காசு அளவுக்குப் பழுப்புத் தழும்பு, சுற்றிலும் அன்று காலை மழித்த தடம். அவளுக்குப் பின்னால் மாமியார். டாக்டர் மருந்து கொடுக்கிறார், இனிமேல் ஊசி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் என்றாள். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன மாசம் ஆகும்?"

அறைக்குள் மேடம் இருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. தனம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அவள் அம்மாவும் என் பெயரை அந்த வீட்டில் எடுக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

"அம்மா, போன தடவ மூணு மாசம்னு சொன்னது நாந்தான். அது நடக்காதுன்னு தெரிஞ்ச பெறகும் சொல்லாம இருந்தேன். அத நம்பித்தான் தனத்தோட அம்மா ஆசிட்டு குடுத்தாங்க. அன்னிக்கி பந்தல்ல நான் பேசியிருக்கணும். பேசல."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மருமகளின் தாடையைப் பார்த்தார். எழுந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"சரி. இப்ப எத்தன மாசம்?"

"தெரியலம்மா. ரெண்டு வருசம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம். போனது திரும்பவும் மொளைக்கலாம்."

"சரி," என்றார். "ஆரம்பிங்க."

தாடைக்கு அடியில் சின்னதாக ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டேன். முகத்தில் என்ன போட்டாய் என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்றாள். அட்டையை எடுத்து, ‘சொன்னது’ கட்டத்தில் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தேன்.